நோஜான் மடாதிபதி கீபேர்

இடைக்காலத் திருச்சபை முற்றிலும் மூடநம்பிக்கையில் மூழ்கிக் கிடந்தது என்று கூறிக் கடந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அக்கூற்று முழு உண்மையன்று என்பதற்குப் பிரான்சு நாட்டுத் துறவி கீபேர் சான்றாக நிற்கிறார்.

கி.பி. 1055ஐ ஒட்டிப் பிறந்த கீபேர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, பக்தியுள்ள தாயின் கண்டிப்பில் வளர்ந்தார். பிளை மடத்தில் துறவியானபின், பெக் மடத்தைச் சேர்ந்த அன்செல்மிடம் வேதத்தை ஆராயும் முறையைக் கற்றார். 1104இல் நோஜான் மடத்தின் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். தாம் கீழ்த்திசைக்குச் செல்லாதவராயினும், அங்குச் சென்ற ஒருவரின் நூலைத் தழுவி முதலாம் சிலுவைப்போரின் வரலாற்றை எழுதினார். 1115ஐ ஒட்டித் தன்வரலாறும் வரைந்தார். 1112இல் லான் நகர மக்கள் கிளர்ந்தெழுந்து தங்கள் ஆயரைக் கொன்ற நிகழ்ச்சியை நாம் அதில் விரிவாகக் காண்கிறோம்.

அவருடைய துணிவு வெளிப்படுவது புனிதர்களின் திருப்பண்டங்களைக் குறித்த நூலிலாகும். சுவாசோன் நகரப் புனித மெதார் மடத்தார் ஆண்டவரின் பல் தங்களிடமிருப்பதாகக் கூறிவந்தனர். முழுமையாய் உயிர்த்தெழுந்தவரின் உடலில் ஒரு பகுதி மண்ணில் தங்கியிருக்குமாயின் உயிர்த்தெழுதலின் பொருள் என்ன என்று கீபேர் வாதிட்டார். யோவான்ஸ்நானனின் தலையை இரண்டு இடத்தார் உரிமை பாராட்டியதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒருவருக்கு இரண்டு தலைகள் இருந்திருக்க இயலாதன்றோ! எனினும் அவர் திருப்பண்ட வணக்கத்தை முற்றிலும் மறுத்தவரல்லர். ஆகவே அவரைச் சீர்திருத்தத்தின் முன்னோடி என அழைப்பது மிகையாகும்.

இதே கீபேரின் தன்வரலாற்றில் நம்மை வருத்தும் ஒரு பகுதி உண்டு. சிலுவைப்போருக்குப் புறப்பட்டோர் ரூவான் நகரில் யூதரை ஓர் ஆலயத்தில் அடைத்து, திருமுழுக்குப் பெற இசைந்தோரைத் தவிர மற்றோரை வாளுக்கு இரையாக்கினர். கீபேர் இதனைக் கண்டிக்கவில்லை. அதில் தப்பிய சிறுவனொருவன் பின்னர்த் துறவியான செய்திக்கு முன்னுரையாக மட்டுமே இதனைக் குறிப்பிட்டுச் செல்கிறார். யூதரைக் குறித்து அவர் எழுதியவை வேறிடங்களிலும் கசப்பு நிறைந்தவையே.

ஒரு பல்லைக் குறித்து அத்தனை நுட்பமாய் ஆராய்ந்தவர், சிந்தப்பட்ட இரத்தத்தைக் குறித்து ஏன் கேள்வி எழுப்பவில்லை? தன் காலத்தார் அனைவரும் ஏற்றிருந்த பகைமையை அவரும் ஆராயாமல் ஏற்றார் என்பதே விடை. பிறருடைய தவறான பக்தியைச் சோதிப்பது எளிது. நமக்கும் நம் சபையாருக்கும் பொதுவான வெறுப்பைச் சோதிப்பதே அரிது. திருச்சபை வரலாற்றைக் கற்கும் நாம், நம் பிரசங்க பீடங்களிலிருந்து எதனைக் கேள்வியின்றிச் சொல்லி வருகிறோம் என்று முதலில் நம்மையே கேட்கக் கடவோம்.