ஆரணி வட்டாரம்: மக்களும் சமூக அமைப்பும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நகராட்சி. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 63,671. ஆனால் புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நகராட்சி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்ட ஊர்களிலும் தறி ஓடுகிறது. ஆகவே இவ்வட்டார மக்களைப் பற்றிப் பேச நகரையும் சிற்றூர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆரணி நெடுங்காலம் ஒரு மராத்திய தேசஸ்த பிராமணக் குடும்பத்தின் ஜாகீராக (வரிவருவாய் உரிமை பெற்ற நிலமாக) இருந்தது. நகரை அடுத்த சத்திய விஜய நகரத்தில் அவர்களது அரண்மனை இன்றும் நிற்கிறது. 1751இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படை பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்த ராசா சாகிபை வென்ற களமும் ஆரணிதான். 1989 வரை வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது.  

நெசவில் செங்குந்தர்கள் பழமையானவர்கள். வீட்டில் சௌராட்டிர மொழி பேசும் பட்டுநூல்காரர்களும் உண்டு. சிற்றூர்களின் வயல்களை நம்பி வாழ்வோரில் வன்னியர், அகமுடைய முதலியார், ஆதிதிராவிடர் முதலியோர் இருக்கின்றனர். நகரில் முஸ்லிம்கள் கணிசமாக உள்ளனர். நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் இவ்வட்டாரத்தின் தனி அடையாளம். மார்வாடிச் சமணரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் தமிழே தாய்மொழியான தொன்மையான வேளாண் மக்கள். போளூர் அருகே திருமலையும், வந்தவாசி அருகே பொன்னூர் மலையும் இவர்களின் திருத்தலங்கள்.

தறி வைத்திருக்கும் வீடு எல்லாம் ஒன்றல்ல. சேலைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் நெசவாளர் அல்லர். முதலாளி பாவும் பட்டும் ஜரிகையும் கொடுப்பார். நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தருவார். முன்பணம் வாங்கிய குடும்பம் எளிதில் வேறு முதலாளியிடம் போக முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர் நிலை சற்று வேறு. சொந்தத் தறிகூட இல்லாதவர் முதலாளியின் கொட்டகைக்குப் போய் நெய்கிறார். ஒரே சாதிக்குள்ளேயே முதலாளியும் கூலியாளும் இருப்பதால், இவ்வூர்களின் ஏற்றத்தாழ்வைச் சாதிப் பெயரைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணை இந்த ஏற்றத்தாழ்வைச் சரியாகக் காட்டுவதில்லை. உழைப்பவர்களை அது விவசாயி, விவசாயத் தொழிலாளி, வீட்டுத் தொழில் செய்பவர், பிறர் என்று நான்காகப் பிரிக்கிறது. வீட்டில் நெய்பவர் மூன்றாம் பிரிவில் வருவார். கூலியாட்களே மிகுந்த கொட்டகையில் அதே சேலையை நெய்பவர் ‘பிறர்’ ஆகிவிடுவார். ஊடை நூலைத் தாராகச் சுற்றி, அறுந்த இழையைப் பிணைத்து, நேரம் கிடைத்தால் தறியிலும் உட்காரும் பெண்ணைப் பற்றிக் கேட்டால், ‘வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்’ என்ற பதிலே வருவதுண்டு. சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலுக்கு உதவுவதும் உழைப்புதான் என்று கணக்கெடுப்பு விதி சொல்கிறது. இருந்தும் பதிவேட்டில் அவள் உழைக்காதவள்.

ஒவ்வொரு சமூகத்திலும் எத்தனை பேர் என்பதற்கும் நம்பத்தக்க எண் இல்லை. 1931க்குப் பிறகு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர மற்றவர்களைக் கணக்கெடுப்பு சாதிவாரியாக எண்ணி வெளியிடவில்லை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதி விவரத்தோடு அது நடக்கும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அப்போது தார் சுற்றும் பெண்ணின் பெயருக்கு நேரே ‘நெசவு’ என்று குடும்பத்தார் சொல்லி எழுதவைக்க வேண்டும்.