கண்டி எனும் கடும்பகை

இன்று இளைஞர் ஆடும் கணினி விளையாட்டுகளின் முடிவில் பெரும்பகைவன் ஒருவன் காத்து நிற்பான். வலிமை மட்டும் அவனை வெல்லாது. அவன் போர்முறையை அறிந்தவனே வெல்வான். தோற்றவனும் தன் தோல்வியினின்று கற்க இயலுவதே அப்போட்டியின் நியாயம்.

ஐரோப்பியர்க்குக் கண்டி இராச்சியம் அத்தகைய பகையாக விளங்கிற்று. 1594இல் தந்துரையிலும் 1630இல் ரந்தெனிவெலவிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1638இல் தளபதி தியோகு டி மெலோ தலைநகரை அடைந்தபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. தீயிட்டுத் திரும்பிய படையை இரண்டாம் இராசசிங்கன் கன்னொறுவையில் வளைத்து அழித்தான். புகுவது எளிது, மீள்வது அரிது. இதுவே மலைநாட்டுப் போர்முறை. 1803இல் ஆங்கிலேயரும் வெறும் நகரையே கைப்பற்றி, அங்கு நிறுத்திய காவற்படையை இழந்தனர்.

ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டனர். மன்னனோடு பகைத்த எஹெலபொல முதலிய பிரதானிகளின் துணைபெற்று 1815இல் மீண்டும் வந்தனர். பெரும்போரின்றி நகர் வீழ்ந்தது. பகைவன் தன் முறையை மாற்றிக்கொண்டான். கண்டியோ பழைய அரணையே நம்பியிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மலை காத்த நாட்டை உட்பிளவு வீழ்த்திற்று.