ரோபோ ஆசிரியரா, மாணவரா?

வகுப்பறைக்குள் ரோபோ வருகிறது என்றால் பெற்றோர் பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, இனி ஆசிரியருக்கு வேலை இருக்குமா என்பதுதான். 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டிக்குத் தெரியாத பாடமே இல்லை. ஆகவே அந்த அச்சத்தில் வியப்பில்லை. ஆனால் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களின் அரை நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால் கிடைக்கும் செய்தி வேறு. பிள்ளைகளிடம் முதலில் வந்த ரோபோ பாடம் சொல்ல வரவில்லை. கேட்க வந்தது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த சீமோர் பேப்பர்ட் ஒரு கணித அறிஞர். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஜான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவரும் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோரும் சேர்ந்து 1967இல் பிள்ளைகளுக்காகவே ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினர். கணினி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் காலம் அது. அதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுப்பதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சில ஆண்டுகளில் லோகோவுக்கு உடல் ஒன்று கிடைத்தது. அரைக்கோள மூடி, கீழே சக்கரம், நடுவில் பேனா. அதன் பெயர் ஆமை. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் செய்த, வெளிச்சத்தைத் தேடிப் போகும் இயந்திர ஆமைகளின் நினைவாக வந்த பெயர் இது. “முன்னே 50, வலப்புறம் 90” என்று பிள்ளை கட்டளையிட்டால் ஆமை தரையில் விரித்த தாளில் கோடு கிழிக்கும். சதுரம் வர வேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்தால் குற்றம் ஆமையுடையது அன்று. பிள்ளை எழுந்து தானே ஆமையைப் போல் நடந்து பார்ப்பான். எங்கே தவறாகத் திரும்பச் சொன்னோம் என்று அவன் காலுக்குத் தெரிந்துவிடும். கணினி பிள்ளையைப் பழக்கக் கூடாது, பிள்ளைதான் கணினியைப் பழக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கட்சி. 1980இல் அவர் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் பெயரையே லெகோ நிறுவனம் 1998இல் தன் ரோபோ பெட்டிக்கு வைத்தது. அந்த வரிசை 2022இன் இறுதியில் நிறுத்தப்பட்டது.

இதற்கிடையே அதே எம்.ஐ.டி.யில் இன்னொரு பாதை பிறந்தது. 1990களின் பிற்பகுதியில் சிந்தியா பிரிசீல் ‘கிஸ்மெட்’ என்ற ரோபோத் தலையைச் செய்தார். கண் விரியும், காது தொங்கும், உதடு வளையும். கோபமாகப் பேசினால் முகம் வாடும். மனிதரோடு பழகும் ரோபோ என்ற துறை இதன் பிறகு வேகம் பிடித்தது. முகம் வந்ததும், அதை ஏன் ஆசிரியராக்கக் கூடாது என்ற ஆசையும் வந்தது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசும் இரண்டு ‘ரோபோவி’க்களைத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 18 நாள் காலத்துக்கு நிறுத்தினர். 2004இல் முடிவு வெளியானது. முதல் வாரம் திருவிழாக் கூட்டம். இரண்டாம் வாரத்தில் கூட்டம் கரைந்தது. ஆர்வம் குன்றாமல் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் மட்டுமே ஆங்கிலத்தில் முன்னேற்றம் தெரிந்தது.

2007இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுடன் ‘கியூரியோ’ என்ற சிறிய ரோபோ ஐந்து மாதம் பழகியது. அது எவ்வளவோ ஆடிக் காட்டியது. ஆனால் குழந்தைகளை நெருங்க வைத்ததில் பெரும்பங்கு ஓர் எளிய பழக்கத்துக்கு உண்டு: தலையைத் தொட்டால் கிளுகிளுவென்று சிரிக்கும். மின்கலம் தீர்ந்து அது படுத்துவிட்டால் பிள்ளைகள் போர்வை போர்த்தி, தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வயதில் பராமரிக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தானே!

அந்தக் குழுவில் இருந்த ஃபுமிஹிடே தனாகா இந்தக் காட்சியைச் சும்மா விடவில்லை. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் அவர் ரோபோவை வேண்டுமென்றே தவறு செய்ய வைத்தார். ஆங்கில வினைச்சொற்களை அதற்குப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தனர். சொல்லிக்கொடுத்த சொற்களே அவர்கள் மனத்தில் நன்றாகத் தங்கின என்று 2012இல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து இ.பி.எஃப்.எல். குழு 2015இல் இதையே கையெழுத்துக்குக் கொண்டுசென்றது. நாவோ என்னும் ரோபோவின் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பிள்ளை திருத்தத் திருத்த மெல்ல நேராகும். வகுப்பில் எப்போதும் தன் எழுத்தே மோசம் என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, தன்னைவிட மோசமாக எழுதும் ஒரு மாணவன் கிடைக்கிறான். இந்த ஆய்வுகளிலேயே மனத்தைத் தொடுவது இதுதான்.

ஆசிரியர் வேடம் போட்ட ரோபோவுக்கு 2019இல் ஒரு பின்னடைவு நேர்ந்தது. ஐரோப்பியக் குழு ஒன்று நெதர்லாந்தில் 5, 6 வயதுப் பிள்ளைகள் 194 பேரை வைத்து ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தது. பிள்ளைகள் கற்றார்கள், ஐயமில்லை. ஆனால் ரோபோவோடும் கைக்கணினியோடும் படித்தவர்கள், கைக்கணினியோடு மட்டும் படித்தவர்களைவிட அதிகம் கற்கவில்லை. விலையுயர்ந்த முகத்தை வாங்கத் துடிக்கும் பள்ளி நிர்வாகங்கள் இந்த முடிவை ஒருமுறை படிப்பது நல்லது.

சிங்கப்பூர் எதைத் தேர்ந்தெடுத்தது? பேப்பர்ட்டிடம் படித்த மரினா பெர்ஸ், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடத்திய குழு ‘கீபோ’வை உருவாக்கியது. 2015 வாக்கில் அரசாங்கத்தின் ‘பிளேமேக்கர்’ திட்டத்தில் 160 பாலர் பள்ளிகளுக்குச் சென்ற கருவிகளுள் அதுவும் ஒன்று. அதற்குப் பேசத் தெரியாது, திரையும் கிடையாது. பட்டைக்குறியீடு ஒட்டிய மரக்கட்டைகளைப் பிள்ளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக அதற்குக் காட்ட வேண்டும்: தொடங்கு, முன்னே போ, சுழலு, முடி. ஐந்து பாலர் நிலையங்களில் 98 பிள்ளைகளிடம் ஏழு வாரம் நடந்த ஆய்வில் உலக நடனங்கள் கருப்பொருளாயின. பிள்ளைகள் கீபோவை அலங்கரித்தார்கள், கட்டைகளை அடுக்கினார்கள், இசைக்கு ஏற்ப ஆட வைத்தார்கள். நிரலின் அடிப்படைகளை அவர்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டதாக ஆய்வு கூறியது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் இன்னும் தொடக்கப்பள்ளி வாசலை மிதிக்காதவர்கள்.