திருமலைக் கலிங்கு

திருவண்ணாமலை என்றாலே தீபமும் கிரிவலமும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நம் கல்லூரியில் நாலு வருஷம் படித்தும் பலர் எட்டிப் பார்த்திராத ஓர் அமைதியான சிற்றூரைப் பற்றிச் சொல்கிறேன். போளூரைத் தாண்டி, வடமாதிமங்கலத்துக்கு அருகே உள்ள திருமலைதான் அது.

சென்ற தை மாதம் போயிருந்தேன். சமணர்களின் புனிதத் தலம். அடிவாரத்தில் கோபுரம், மேலே பாறையில் செதுக்கிய நெடிய நேமிநாதர். காற்றுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் பெயரால் அமைந்த 'குந்தவை ஜினாலயம்' இங்கேதான் இருக்கிறது.

மலைப் பாறையில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டு. ஈழம், வங்கம், கங்கை என்று மன்னன் வென்ற நாடுகளின் நீண்ட பட்டியல். சரித்திர நூல்களில் 'திருமலைக் கல்வெட்டு' என்று வருவது இதுதான். ஆனால் பட்டியல் முடிந்ததும் வருவது என்ன தெரியுமா? நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்த செய்தி! கங்கை வெற்றி முன்னுரை. அந்த 30 காசுதான் விஷயம்.

பொறியாளனான எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அடிவாரத்தில், கோபுரத்துக்கு முன்னால் மண்ணில் புதைந்திருந்த பாறையில் ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டுக் (1005-06) கல்வெட்டு ஒரு செய்யுளாகவே இருக்கிறது. ஹுல்ச் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றை 1890-இல் அச்சிட்டார். குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி, இருபுறமும் நெல் விளையும்படி இங்கே ஒரு கலிங்கு கட்டினாராம். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. கணிசேகர மருபொற்சூரியன் என்ற இன்னொருவர் பெயரை வைத்தார்.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மதகு வயலுக்குத் தண்ணீர் விடும். கலிங்கு, ஏரி நிரம்பியபின் மிச்ச நீரை வெளியேற்றிக் கரையைக் காப்பாற்றும். கலிங்கையோ அதன் கால்வாயையோ அடைத்தால் கரை தாங்காது. 2015 மழையில் காஞ்சிபுரம் பக்கம் எத்தனை ஏரிகள் உடைந்தன! எல்லாம் துறந்த ஒரு முனிவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்த அக்கறை, பட்டம் வாங்கிய நமக்கு வேண்டாமா?

அடுத்த சந்திப்புக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு போய் வருவோம். கல்வெட்டைப் படித்துவிட்டு, அவரவர் ஊர் ஏரியின் கலிங்கு எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்து வந்து சொல்வோம்.