ஜாகீர் மலையில் கோடை விழா

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு இன்று வெளியூர்க்காரர்கள் வருவது மேகம், பெரியார் அருவிகளில் குளிக்கவும் கரியாலூரில் படகில் போகவும்தான். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும்.

ஊட்டியையும் ஏற்காட்டையும் போல வெள்ளைக்காரர்கள் ஓய்வுக்காக உருவாக்கிய ஊரல்ல இது. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தாரர்களிடம் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்றும் அது உடனே மாறவில்லை. 1976-இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இவ்வளவு அண்மைக்கால வரலாற்றை அருவிக்கரையில் ஒரு பலகையாவது சொல்ல வேண்டும்.

சுற்றுலா அதற்குப் பிறகு வளர்ந்ததே. கரியாலூரில் படகுக் குழாமும் சிறுவர் பூங்காவும் வந்தன. அரசு கோடை விழா நடத்துகிறது. ஆனாலும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், இம்மலை மக்களின் அடிப்படைத் தேவைகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.