ஆளில்லா மலையில் ஒரு காவற்காரன்

நேப்பிள்ஸ் நகருக்கு அருகே, வெசூவியஸ் எரிமலையின் சரிவிலே, 1841-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பிற்காலத்தில் அதன் தலைவராக விளங்கிய லூயிஜி பால்மியெரி என்பார் 1856-இல் மின்சக்தியால் இயங்கும் நிலநடுக்கமானி ஒன்றை அமைத்தார். பூமி சிறிதே அசைந்தாலும் மின்னோட்டம் பாயும். கடிகாரம் நின்று நேரத்தைக் காட்டும். காகிதச் சுருள் ஓடத் தொடங்கும். 1872-இல் மலை சீறியபோதும் அவர் நிலையத்தை விட்டு இறங்கவில்லை. கருவிக்கு அருகே ஆள் இருக்கவேண்டும் என்பது அக்கால நியதி. 1912-இல் ஹவாயித் தீவில், கிலாவேயா எரிமலையின் வாயருகே ஜாகர் என்ற அமெரிக்கர் நிறுவிய நிலையமும் இந்நியதியை ஒட்டியதே.

ஆனால், எல்லா எரிமலைகளும் மனிதனுக்கு வசதியான இடத்தில் நிற்பனவல்ல. நம் நாட்டின் உயிருள்ள எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மனித வாசமே இல்லாத பாரன் தீவில் அது நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1991-இல் விழித்தது. இத்தகைய இடங்களில் கருவியை வைக்கலாம். அதற்கு மின்சாரம் கொடுப்பவர் யார்? நில அதிர்வை இடைவிடாது வானொலி அலையில் அனுப்ப வேண்டுமாயின், கனத்த மின்கலங்களைக் கோவேறு கழுதையின் முதுகிலேற்றி மலையுச்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இச்சிக்கலுக்கு 1972-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் கண்ட விடை மிக எளியது: அதிர்வை அனுப்பாதே, எண்ணி அனுப்பு! அவ்வாண்டு ஜூலை 23-ஆம் நாள் ஏவப்பட்ட ஒரு செயற்கைக்கோள், பின்னர் லாண்ட்சாட் என்று பெயர் பெற்றது, பூமியைப் படமெடுப்பதோடு தபாற்காரன் வேலையையும் செய்தது. தரையிலிருந்து கிடைக்கும் சிறு செய்திகளை வாங்கி உடனே மற்றோரிடத்துக்கு அஞ்சல் செய்யும். அலாஸ்கா, ஐஸ்லாந்து, குவாட்டமாலா முதலிய இடங்களில் 15 எரிமலைகளின்மீது இதற்கான கருவிகள் வைக்கப்பட்டன. அதிர்வுகளை அளவுக்கேற்ப நான்கு வகையாக எண்ணிக்கொள்ளும் கருவி ஒன்று. நிலத்தின் சாய்வை அளக்கும் கருவி மற்றொன்று. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கோலின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் உண்டாகும் சாய்வையும் அது உணரும். செயற்கைக்கோள் தலைக்குமேல் வந்ததா, இல்லையா என்பது கருவிக்குத் தெரியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, கண நேரம் மட்டும் தன் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். மின்செலவு அற்பமானதன் இரகசியம் அந்த மௌனந்தான்.

1973 பிப்ரவரியில் குவாட்டமாலாவின் ஃபூகோ மலை வெடித்தது. வெடிப்புக்குச் சில நாட்கள் முன்பே எண்ணிக்கை ஏறியிருந்ததைக் கருவி அறிவித்திருந்தது! ஆயினும், எண்ணிக்கை என்பது முழுச் செய்தியன்று. அதிர்ந்தது மலையின் வயிறா, வீசிய காற்றா என்பதை வெறும் எண் சொல்லாது. மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்கு அறிவில் ஒரு பங்கை விலையாகக் கொடுக்க நேர்ந்தது என்றே சொல்லவேண்டும்.

இனி ஒரு துயரக் கதை. கொலம்பியா நாட்டின் நெவாடோ தெல் ரூயிஸ் பனிமுடி தரித்த எரிமலை. 1985 நவம்பர் 13-ஆம் நாள் இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் அது வெடித்தது. வெடிப்பு பெரிதன்று, உருகிய பனியே எமனாயிற்று. சேறும் பாறையும் கலந்த வெள்ளம் ஆற்றுப் பள்ளங்களில் இறங்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரங்கழித்து ஆர்மெரோ நகரை மூழ்கடித்தது. மாண்டோர் சுமார் 23,000 பேர். அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் அக்டோபரிலேயே வெளியாகியிருந்தது. அன்று மாலை ஊர் வானொலியோ மக்களை அமைதியாக இருக்கும்படியே கூறிற்று. ஒரு கருவி மட்டும் அந்நகரைக் காத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்த இரண்டரை மணி நேரம் வீணாகக் கழிந்ததை எண்ணுந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

அந்த இடைவெளியைப் பயன்படுத்தவென்றே அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கருவி பிறந்தது. ஆற்றங்கரையில் புதைக்கப்பட்டுச் சேற்று வெள்ளத்தின் இரைச்சலைத் தரைவழியே கேட்பது அது. சூரிய ஒளியால் நிரம்பும் மின்கலமே அதற்கு உணவு. சாதாரண நாட்களில் எப்போதோ ஒருமுறை பேசும். இரைச்சல் ஓர் எல்லையைக் கடந்தால் விரைந்து விரைந்து பேசத் தொடங்கும். 1989-90-இல் அலாஸ்காவின் ரெடவுட் மலையிலும், 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டூபோவிலும் அது பயன்பட்டது.

2005 ஆகஸ்டில் ஈக்வடார் நாட்டின் ரெவென்டடோர் மலைக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் சென்றனர். கையடக்கமான 16 கருவிகளை 3 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக வைத்தனர். ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டு டார்ச் விளக்கில் போடும் பருமனான மின்கலங்கள் இரண்டே! ஒவ்வொரு கருவியும் கடைசி 20 நிமிட அதிர்வைத் தன்னுள் வைத்திருக்கும்; பழையது அழியப் புதியது ஏறும். பல கருவிகள் ஒரே சமயத்தில் 'நானும் உணர்ந்தேன்' என்று சாட்சி சொன்னால்தான் கீழேயுள்ள நிலையம் முழுப் பதிவையும் கேட்டு வாங்கும். காற்றா, மலையா என்ற பழைய ஐயத்துக்கு இவ்வாறு ஒருவகை விடை கிடைத்தது. பத்தொன்பது நாட்களில் 230 நிகழ்ச்சிகள் பதிவாயின. மேலும் பல தவறிப்போயின. அதற்கு ஒரு காரணம் விசித்திரமானது: மலைமேல் மின்கலங்கள் உழைத்துக்கொண்டிருக்க, பதிவுகளை வாங்கும் கணிப்பொறி வைத்திருந்த அடிவாரத்து விடுதியிலோ மின்சாரம் அடிக்கடி நின்றுபோயிற்று.