குத்துவது ஒரு மணி நேரம்... ஆறுவது ஒரு மாதம்!

பச்சை குத்திக்கொண்டவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: 'ரொம்ப வலிச்சுதா?' யாரும் கேட்காத கேள்வி: 'அப்புறம் புண்ணை எப்படி ஆத்துனீங்க?'

உண்மையில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால்தான் பெரிய சரித்திரமே இருக்கிறது. ஊசியால் குத்துவதற்குத் தைரியம் போதும். குத்திய இடம் சீழ் பிடிக்காமல், காய்ச்சல் வராமல், போட்ட கோலம் கலையாமல் ஆறுவதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவைச் சேர்க்க மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் செலவழித்திருக்கிறான். சில சமயம் உயிரையும்!

1991-ம் ஆண்டு... ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலையில் நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதி, பனிக்கு வெளியே பாதி உடல் தெரியக் கிடந்த ஒரு பிணத்தைப் பார்த்தார்கள். யாரோ மலையேறப் போய் விபத்தில் இறந்தவர் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரிசோதித்தால்... அவர் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன! 'ஓட்ஸி' என்று இன்று உலகமே செல்லமாக அழைக்கும் அந்த மனிதரின் உடம்பில் 19 இடங்களில், கொத்துக்கொத்தாக, மொத்தம் 61 பச்சைக் கோடுகள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று பெரும்பாலும் மூட்டு தேய்ந்துபோன இடங்களில்! வலிக்கு வைத்தியமாகத்தான் கரியை வைத்துக் குத்தியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கணிப்பு. சோப்பு இல்லை, மாத்திரை இல்லை, களிம்பு இல்லை. இருந்தும் அத்தனை கோடுகளும் ஆறியிருக்கின்றன!

சரி, தோலுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

நம் தோலின் மேலடுக்கு தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அங்கே மை போட்டால் ஒரு மாதம்கூட நிற்காது. அதனால் ஊசி அதைத் தாண்டி, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் அடுத்த அடுக்குக்குப் போகிறது. 'எவனோ உள்ளே நுழைந்துவிட்டான்!' என்று உடம்பு அலறுகிறது. அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே இருக்கும் செல்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. விழுங்க முடிகிறதே தவிர, ஜீரணிக்க முடிவதில்லை. வயிற்றில் மையோடு அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. பிரான்ஸ் விஞ்ஞானிகள் எலிகளை வைத்து 2018-ல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். மை விழுங்கிய செல் செத்துப்போனால், சிந்திய மையைப் பக்கத்தில் வரும் புதிய செல் எடுத்து விழுங்கிக்கொள்கிறது. இந்தக் கைமாற்றல் ஆயுசு முழுக்க நடக்கும் என்கிறார்கள். நீங்கள் தோளில் எழுதிக்கொண்ட காதலியின் பெயர் அழியாமல் இருக்கும் ரகசியம் இதுதான்!

ஆக, மருத்துவரீதியாகப் பார்த்தால் புதுப் பச்சை என்பது ஒரு புண். ஆயிரக்கணக்கான துளைகள் போட்ட புண். அழகாக இருப்பதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். பழைய மனிதர்கள் மறக்கவில்லை.

1769, ஜூலை. கேப்டன் குக்கின் கப்பலில் தஹிதி தீவுக்குப் போயிருந்த ஜோசப் பேங்க்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர், சுமார் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பச்சை குத்துவதை நேரில் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சீப்பு மாதிரி பல் வைத்த கருவி. அதைத் தோலில் வைத்து, குச்சியால் தட்டுகிறார்கள். ரத்தம் கசிகிறது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்த சிறுமி, பிறகு கதறுகிறாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரம் கொஞ்சுகிறார்கள், ஒரு நேரம் அடிக்கிறார்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு பேங்க்ஸ் கிளம்பிவிட்டார். வேலை அப்போதும் முடியவில்லை! அந்தத் தீவுக்காரர்களின் 'டாடாவ்' என்ற வார்த்தைதான் ஆங்கிலத்துக்குப் போய் 'டாட்டூ' ஆனது.

பேங்க்ஸ் பார்த்தது குத்தும் காட்சியை. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அறிய சமோவா தீவுகளுக்குப் போக வேண்டும். அங்கே ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்திக்கொள்வது வழக்கம். குத்துவது நாள்கணக்கில் என்றால், ஆறுவது மாதக்கணக்கில்! அதுவரை அவனைத் தனியே விட மாட்டார்கள். சொந்தக்காரர்கள் உப்புத் தண்ணீரில் கழுவுவார்கள், மை கட்டிக்கொள்ளாமல் இருக்க நீவி விடுவார்கள். நியூஸிலாந்தின் மாவோரி மக்களோ முகத்திலேயே உளியால் செதுக்குவார்கள். வாய் வீங்கிப் போகும் என்பதால், மரத்தில் அழகாகச் செதுக்கிய புனல் வழியாகக் கூழாகத்தான் சாப்பாடு. புண்ணின் மீது 'கராகா' என்ற மரத்தின் இலையை வைப்பார்கள். பச்சை குத்தியவனைப் பிள்ளை பெற்றவளைப் போலப் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும்!

நம்ம ஊருக்கு வருவோம்.

'பச்சை குத்தலையோ... பச்சை!' என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த குறவர் இனப் பெண்களை உங்கள் பாட்டிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். சென்னை மியூஸியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இவர்களின் தொழில்முறையை அக்கறையோடு பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைப்பார்கள். அதைத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிய விடுவார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் புகைக்கரியைச் சுரண்டி எடுத்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை ரெடி! தையல் ஊசி மூன்று, நான்கைச் சேர்த்துக் கட்டினால் அதுதான் கருவி. குழந்தை அழாமல் இருக்க ஒரு பாட்டு. புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா... பெரிய கோலமென்றால் பன்னிரண்டு அணா வரை. காசில்லாத கிராமத்தில் அரிசி!

கரி கறுப்புதானே... அது எப்படிப் பச்சையாகத் தெரிகிறது? தோலுக்கு அடியில் இருக்கும் கரியை நாம் தோல் வழியாகப் பார்க்கிறோம். வெளிச்சம் தோலில் சிதறி வரும்போது கறுப்பு நீலமாகவும் பச்சையாகவும் மாறித் தெரிகிறது. 'பச்சை' என்று பெயர் வைத்த நம் முன்னோர், பௌதிகம் படிக்காமலேயே சரியாகப் பார்த்திருக்கிறார்கள்!

குத்தி முடித்த பிறகு அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதுதான் முக்கியம். குளிர்ந்த தண்ணீரால் கழுவினாள். வலி குறைய எண்ணெய் தடவினாள். வீங்காமல் இருக்க மஞ்சள் தூளைத் தேய்த்தாள். சுத்தம், ஈரப்பதம், கிருமித் தடுப்பு... இன்றைய டாட்டூக் கடைக்காரர் கொடுக்கும் அச்சடித்த தாளில் இருக்கும் மூன்று விஷயங்களும் அவள் கையில் இருந்தன.

இவ்வளவும் தெரிந்த அந்தப் பெண்ணுக்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? 1871-ல் பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர் இனத்தின் பல பிரிவுகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்தவர்களை 'ஊர் சுற்றுகிறவன் திருடன்' என்று முத்திரை குத்தினார்கள். ஊர் விட்டு ஊர் போனால் போலீஸில் சொல்ல வேண்டும்! நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது 1952-ல்தான். தமிழ்நாட்டுக் கைகளில் எல்லாம் கோலம் போட்டவர்களுக்கு, சர்க்கார் போட்ட பச்சை அது. அந்த வடு மட்டும் லேசில் ஆறவில்லை.

மஞ்சளுக்கும் ஒரு வழக்கு நடந்தது. 1995-ல், 'புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது எங்கள் கண்டுபிடிப்பு' என்று அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள்! இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சில், பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அள்ளிக்கொண்டு போய் வாதாடியது. 1997-ல் காப்புரிமை ரத்து. காலணா வாங்கிக்கொண்டு ஒரு பெண் தெருவில் செய்த வைத்தியத்தைக் காப்பாற்ற, அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது!

அதற்காகப் 'பழசெல்லாம் பொன்' என்று சொல்லிவிட முடியாது. அதே ஊசி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போனது. ரத்தத்தின் வழியே நோய் பரவும் என்பது அந்தக் காலத்தில் அவளுக்கும் தெரியாது, அவளைப் பதிவு செய்த துரைக்கும் அவ்வளவாகத் தெரியாது.

மேல்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊசியை எச்சிலில் நனைத்துக் குத்துவது அங்கே சர்வசாதாரணம்! எர்னஸ்ட் பெர்ஷோன் என்ற பிரெஞ்சுக் கடற்படை டாக்டர், பச்சை குத்தியதால் வந்த சீழ், கை கால் வெட்டியெடுப்பு, மரணம் என்று கேஸ் கேஸாகத் தொகுத்து 1869-ல் புத்தகமே போட்டார். 1870-களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர டாக்டர்கள், பச்சை குத்திக்கொண்ட பலருக்கு மேக நோய் வந்ததை ஆராய்ந்தார்கள். குத்தியவர் ஒருவரே. அவர் வாயில் புண், அவர் எச்சிலில் ஊசி!

1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சாரப் பச்சை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்சாரப் பேனாதான் அதற்கு மூலம். வேகம் கூடியது. சுத்தம் கூடவில்லை. 1961-ல் மஞ்சள்காமாலையைக் காரணம் காட்டி நியூயார்க் நகரம் பச்சை குத்துவதையே தடை செய்தது. அந்தத் தடை நீங்க 1997 வரை ஆனது.

அந்த நேரத்தில்தான் லண்டனில் ஜார்ஜ் வின்டர் என்ற விஞ்ஞானி பன்றிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 'புண்ணைக் காய விடு, பொருக்குத் தட்டட்டும்' என்பதுதான் அதுவரை உலகம் முழுக்க வைத்தியம். வின்டர், பன்றியின் தோலில் சின்னச் சின்னக் காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் காய விட்டார். சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினார். மூடிய புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது! 1962-ல் வெளியான இந்த முடிவு, காயத்துக்குக் கட்டுப்போடும் முறையையே மாற்றிவிட்டது. இன்று டாட்டூக் கடையில் கண்ணாடி மாதிரி ஒரு தாளை ஒட்டி அனுப்புகிறார்களே, அதற்குப் பின்னால் அந்தப் பன்றிகளின் புண்ணியம் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் அலட்சியம் போகவில்லை. 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான கேஸ் இது. அமெரிக்காவில் 31 வயது இளைஞர், காலில் பச்சை குத்தி ஐந்தே நாளில் மெக்ஸிகோ வளைகுடாவில் குளித்தார். அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய். கடல்நீரில் இருந்த 'விப்ரியோ' என்ற கிருமி, ஆறாத துளைகள் வழியே உள்ளே போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் போராடியும் காப்பாற்ற முடியவில்லை.

எனவே, உங்கள் வீட்டுப் பிள்ளை டாட்டூவோடு வந்து நின்றால், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் இதையெல்லாம் சொல்லுங்கள்.

தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். ஒட்டிய தாளைக் கடைக்காரர் சொன்ன நேரத்தில் எடுத்துவிட்டு, மிதமான சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கணும். தேய்க்கக் கூடாது. வாசனை இல்லாத களிம்பை மெல்லிசாகத் தடவணும். அப்பினால் புண் ஊறிப்போகும். பொருக்கு தட்டும், அரிக்கும். பிய்த்தால் பொருக்கோடு மையும் வந்துவிடும், கோலத்தில் ஓட்டை விழும்! அரித்தால் சொறியாமல் லேசாகத் தட்டிக்கொடுக்கலாம். மேலே ஆறுவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதுவரை கடல், குளம், நீச்சல் குளம் கூடாது. உச்சி வெயில் கூடாது. இறுக்கமான உடுப்பு கூடாது.

'பாட்டி சொன்னாளே'ன்னு சமையலறை மஞ்சள் டப்பாவைத் திறக்காதீர்கள். பாட்டியின் யோசனை சரி, டப்பாவில் இருக்கிற தூள்தான் கிருமி நீக்கப்பட்டதல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களும், காயம்பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்களும் குத்துவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது. முதல் ஓரிரு நாள் சிவப்பும் வலியும் இயல்பு. ஆனால் அது குறையாமல் கூடிக்கொண்டே போனால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால்... களிம்பு தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு!

சமோவாவில் இதற்கெல்லாம் ஒரு குடும்பமே கூட இருந்தது. நம் ஊரில் அந்தப் பெண் எண்ணெயும் மஞ்சளும் வைத்திருந்தாள். இன்றைய இளைஞருக்குக் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வண்டியில் ஏறும் முன் அதைக் கசக்கிப் போட்டுவிடாமல், அவர் ஒரு முறை படித்தால் போதும்.